காலை எடுத்தால் நிற்கும் கார்

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெட்ரோல் காரில் இனி யாருக்கும் ஓட்டச் சொல்லித்தரக் கூடாது என்று போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது, பிரேக் மேடத்தின் காருக்கு வயது பதினான்கு. ஆறு மாதம் அவகாசம். அதற்குள் புது மின்சாரக் கார் வாங்க வேண்டும், அல்லது பழைய காரின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு அதையே மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது தன் ஓட்டுநர் பள்ளியை இழுத்து மூட வேண்டும். மூன்றாவது வழி கடிதத்தில் இல்லை. அதை அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

பிரேக் மேடம் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பத்தொன்பது வருடமாக அவளுடைய வலது கால் அந்தப் பிரேக்குக்கு ஒரு விரல் மேலே காத்துக்கொண்டே இருந்தது. சினிமா தியேட்டரில் திரையில் ஒரு கார் வேகமாக வந்தால்கூட அவள் கால் தன்னால் தரையை மிதிக்கும். ஒரு தடவை பக்கத்து சீட்டுக்காரரின் பாதத்தை மிதித்துவிட்டு, இடைவேளை வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடையது ஒரே காரில் நடக்கும் ஓட்டுநர் பள்ளி. இரண்டு தெரு தள்ளி இருந்த போட்டிப் பள்ளிக்கு மூன்று கார், குளுகுளு அறை, வருகிறவர்களுக்குக் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர். ஆனாலும் பயந்தவர்கள், வயதானவர்கள், வேறு இடத்தில் திட்டு வாங்கி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் இவளிடம்தான் வந்தார்கள். அவள் கத்தமாட்டாள். அவளிடம் படித்தால் முதல் தடவையே பாஸ் என்று ஊருக்குள் ஒரு பேர் இருந்தது. பள்ளிக்கு வேறு விளம்பரம் கிடையாது.

பணத்தை அவள் ஆள் கணக்கில்தான் யோசிப்பாள். ஒரு ஆள் என்றால், ஒருவர் இருபது நாள் படித்துவிட்டுக் கட்டுகிற முழுக் கட்டணம். பல் பிடுங்குவதற்கு அரை ஆள். ஃபிரிட்ஜ் நாலு ஆள். புது மின்சாரக் கார் இருநூற்றிருபது ஆள் என்று தெரிந்ததும் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். பழைய காரை மாற்றித்தர ஒரு பெரிய கம்பெனியில் நூற்றிருபது ஆள் கேட்டார்கள். அவளுடைய தம்பி எண்பது என்றான்.

தம்பியை ஊரே கரண்ட் என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். கார்களுக்கு வயரிங் வேலை செய்துகொண்டிருந்தவன், அந்தச் சட்டம் வந்ததும் கார்களை மின்சாரத்துக்கு மாற்றும் தொழிலில் இறங்கியிருந்தான். அவன் படித்த இரண்டு வருடப் படிப்புக்குக் கட்டணம் கட்டியவள் அக்காதான். அப்போது ஒரு ஆள் பணம்கூட அவள் கையில் மொத்தமாக இருக்காது, அரை ஆள் கால் ஆளாகச் சேர்த்துக் கட்டினாள். அதைச் சொல்லிக்காட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"எண்பதுல பேட்டரி மட்டும் நாற்பத்தஞ்சுக்கா," என்றான் அவன். அக்காவிடம் பேசும்போது அவனும் ஆள் கணக்கிலேயே பேசுவான். "மோட்டார் ஒண்ணும் பெரிய செலவில்ல. காரோட உயிரே பேட்டரிலதான் இருக்கு."

"புது பேட்டரிதானடா போடுவே?"

"உனக்குப் புதுசு போடாம நான் வேற யாருக்குப் போடப்போறேன்?"

அவளுடைய கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். அவர் பேச்சைக் கேட்கிறவர்களுக்கு எங்கேயாவது சாய்ந்துகொள்ள வேண்டும்போல இருக்கும். அவ்வளவு இதமான குரல். "நம்ம பையன்கிட்ட கொடுக்கறதை விட்டுட்டு வெளிய போய்க் கொடுப்பாங்களாம்மா?" என்றார். இரண்டாவது கார் வாங்குவதற்காக அவள் நாலு வருடமாகச் சேர்த்துவைத்திருந்தது சரியாக எண்பத்திரண்டு ஆள். எடுத்துக் கொடுத்தாள். மீதி இரண்டு ஆளில் காருக்குப் புது சீட் உறை வாங்கினாள்.

மூன்று வாரத்தில் கார் வந்தது. படிக்கிறவர்களுக்காக கியரையும் கிளட்சையும் அப்படியே விட்டிருந்தான் தம்பி. இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு சின்னத் தவலை அளவுக்கு மோட்டார். பின்பக்கம் டிக்கியில் பூட்டிய பெட்டிக்குள் பேட்டரி. சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை. முதல் நாள், கார் ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் அவளே இரண்டு தடவை சாவியைத் திருகினாள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், கார் தானாகவே வேகம் குறைந்து, கிட்டத்தட்ட நின்றேவிடும். "கார் வேகம் குறையறப்போ அந்த சக்தி கரண்டா மாறித் திரும்ப பேட்டரிக்குள்ளயே போயிடும்கா. காசு மிச்சம்," என்று தம்பி விளக்கினான். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பயந்த ஆட்கள் பயத்தில் முதலில் செய்வது காலைத் தூக்குவதுதான். தூக்கினால் கார் நின்றுவிடுகிறது. இதைவிட வேறு என்ன வேண்டும்? பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் தன் வலது காலைத் தரையில் வைத்து உட்கார்ந்தாள். சாயங்காலம் முழங்கால் வலி இல்லை. இந்தத் தடவை வந்திருக்கிறவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள், எவ்வளவு பதமாக நிறுத்துகிறார்கள் என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஒரு ஆள் தேறிவிட்டாரா இல்லையா என்பதை அவள் எப்போதுமே தன் காலை வைத்துத்தான் முடிவு செய்வாள். இருபது நாளில் அவள் கால் எத்தனை தடவை பிரேக்கைத் தொட்டது என்பதுதான் அவளுக்கு மதிப்பெண். தொடாமலே ஒரு நாள் முழுக்கப் போனால் ஆள் தயார். இப்போது பத்தாவது நாளிலேயே எல்லாரும் தயாராகிவிட்டார்கள். அங்கேதான் அவள் கோட்டைவிட்டாள்.

தேர்வு நடப்பது அலுவலகத்தின் சொந்தக் காரில். ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட அலுவலகம் தன் காரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அது பெட்ரோல் கார், இருமிக்கொண்டே ஓடும். முதலில் ஏறியவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நேர்கோட்டில் அழகாக ஓட்டிவந்தார். நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். எடுத்துவிட்டு, கார் நிற்கும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கார் கோட்டைத் தாண்டி, கூம்பு ஒன்றைத் தள்ளிக்கொண்டு, சுவரைப் பார்க்கப் போனது. தேர்வு அதிகாரி கைபிரேக்கை இழுத்துப் பிடித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சார், பிரேக்னு ஒண்ணு இருக்கு தெரியுமா?" என்று கேட்டார்.

அடுத்து ஒரு நர்ஸ். அவளும் காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அதற்கடுத்து ஒரு தையல்காரி, இரண்டு வங்கி ஊழியர்கள். சுவரோரம் நின்ற பிரேக் மேடத்தின் வலது கால், சிமெண்டுத் தரையை மிதித்து மிதித்து ஓய்ந்தது. மூன்று வாரத்தில் பதினொரு பேர் போனார்கள். ஒன்பது பேர் ஃபெயில்.

பிரேக்கை மிதியுங்கள், மிதியுங்கள் என்று இப்போது தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தாள். மிதித்தார்கள். ஆனால் தேவையே இல்லாத காரில் மிதித்தால் எத்தனை நாள் அந்தப் பழக்கம் நிற்கும்? வாயால் சொன்னது தலைக்குப் போயிற்று, காலுக்குப் போகவில்லை. பாதியில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியைப் போட்டிப் பள்ளியின் காரில் பார்த்தபோது, அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இந்தக் காலாண்டில் பாதிக்கு மேல் ஃபெயிலானால் பள்ளியின் அனுமதி நிறுத்திவைக்கப்படும்.

தம்பிக்குப் போன் செய்தாள். "காலை எடுத்தா நிக்கறதை கொஞ்சம் குறைச்சுக் கொடுடா. பழைய கார் மாதிரி உருண்டு போகட்டும்."

"அது சாஃப்ட்வேர்க்கா. அடுத்த வாரம் பாக்கறேன்."

அடுத்த வாரம், அதற்கடுத்த வாரமாயிற்று. நேரில் வந்தவன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "கார்ல ஒரு குறையும் இல்லக்கா. நீதான் கொஞ்ச நாளா களைப்பா இருக்கே. முன்ன மாதிரி கவனம் இருக்கா உனக்கு?" என்றான்.

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் அதைச் சொல்லி அழுதாள். அவர் அவள் தோளில் கை வைத்தார். மெத்தைக் குரலில், "பத்தொன்பது வருஷம் உழைச்சிருக்கே. எல்லாருக்கும் ஒரு கட்டத்துல கை தளரத்தான் செய்யும். அதுல ஒண்ணும் அவமானம் இல்லம்மா," என்றார். அவள் அதை நம்பினாள். தனக்குச் சொல்லித்தரத் தெரியாமல் போய்விட்டது என்று நம்பினாள். வருகிறவர்களுடைய முகத்தைப் பார்த்தால், பாவம், இவர்களையும் கெடுக்கப்போகிறேனே என்று தோன்றியது. ஒருநாள் புதிதாகச் சேர வந்த ஒரு அம்மாவை, அந்தப் போட்டிப் பள்ளி நன்றாக இருக்கும் என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆனாலும் தம்பியை விடவில்லை. ஒரு திங்கட்கிழமை அவன் வாசலில் போய் நின்று, இதைக் குறைக்காமல் நகரமாட்டேன் என்றாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே லேப்டாப்பை மாட்டி, நாலு பட்டன் தட்டி, குறைத்துக் கொடுத்தான். "தூரமா எங்கயும் போகாதே," என்று மட்டும் சொன்னான். அந்தப் பேச்சு அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. அவள் தினமும் ஓட்டுவதே நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர். நூற்றிருபது கிலோமீட்டர் போகும் என்று சொல்லிக் கொடுத்தவனும் அவனேதான்.

மறுநாள் மூன்று மணிக்கு, மேம்பாலத்தின் ஏற்றத்தில், ஃபெயிலாகி மறுபடியும் பழக வந்திருந்த தையல்காரி ஓட்டிக்கொண்டிருக்கும்போது கார் நின்றது. மானியில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் காட்டியது. காலையிலிருந்து ஓடியது இருபத்தெட்டு கிலோமீட்டர். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. தையல்காரி, "நான் எதையும் தப்பா மிதிக்கல மேடம்," என்று அழ ஆரம்பித்தாள். மிதித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று பிரேக் மேடத்துக்குத் தோன்றியது.

பயிற்சிக் கார் நடுரோட்டில் நின்றால் அலுவலகத்தின் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. கூடத்தில் இருந்த பெண் இன்ஜினியர், கொண்டையில் பென்சில் செருகியிருந்தவர், டிக்கியில் இருந்த பெட்டியின் பூட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது ரெண்டு வேற வேற கார்லேருந்து எடுத்த பேட்டரி மேடம். நம்பரைச் சுரண்டியிருக்காங்க. ஆறேழு வருஷம் ஓடினது. பாதி பவர்கூட இல்ல."

"இல்லம்மா, இது புதுசு. நாலு மாசம்தான் ஆச்சு."

இன்ஜினியர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "காலை எடுத்தா கார் நிக்கற மாதிரி வச்சிருந்தாங்களா? ரொம்ப அதிகமா?"

"ஆமா."

"அப்படி வச்சாத்தான் இந்த பேட்டரி ஒரு நாள் தாங்கும். ஒவ்வொரு தடவை காலை எடுக்கறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா கரண்டைத் திரும்பப் பிடிச்சு ஒப்பேத்தியிருக்காங்க." டார்ச்சை அணைத்தார். "ஆனா உங்களுக்குத் தெரிஞ்சுதானே போட்டாங்க? பழைய பேட்டரி போட சம்மதம்னு நீங்க கையெழுத்துப் போட்ட கடிதம் கோப்புல இருக்கே. அது இல்லாம பயிற்சிக் காருக்கு அனுமதியே கொடுத்திருக்கமாட்டாங்க."

அப்படி ஒரு கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை. வியாழக்கிழமை விசாரணைக்கு வர வேண்டும், மாற்றிக்கொடுத்தவரையும் அழைத்துவர வேண்டும் என்று ஒரு சீட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு நடந்தே தம்பி கடைக்குப் போனாள்.

கடை இப்போது பெரிய சாலையில் இருந்தது. காரைத் தூக்கும் இயந்திரம் இரண்டு, கண்ணாடிக் கதவு, கதவுக்கு மேலே ஆள் உயரப் பலகை. பலகையில் அவளுடைய காரின் படம். 'எங்கள் முதல் கார்' என்று கீழே எழுதியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை அவள் அந்தப் பலகையைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

தம்பி மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கத்தியாவது இருக்கலாம். கை துடைக்கும் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, கோபப்படாம கேளு. நீ ஒரு நாளைக்கு ஓட்டறதே நாற்பது கிலோமீட்டர். அதுக்கு எதுக்கு நூத்திருபது கிலோமீட்டர் பேட்டரி? சும்மா பெட்டிக்குள்ள தூங்கறதுக்கு முப்பது ஆள் காசா? அந்தக் காசு இந்தக் கடைக்கு அட்வான்ஸ் ஆச்சு. கடை நின்னுடுச்சு. ரெண்டு வருஷத்துல உனக்குப் புது பேட்டரியே மாத்திக் கொடுத்திருப்பேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேண்டாம்னுதானே சொல்லியிருப்பே?"

"என்கிட்ட படிச்சவங்க ஒவ்வொருத்தரா ஃபெயிலாகறப்போ? அப்போவாவது சொல்லியிருக்கலாமே. எனக்குக் கவனம் இல்லன்னு சொன்னியேடா."

அவன் துணியைப் பார்த்தான். "எல்லாம் மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன். கடையில மாமாவும் பங்கு. சம்மதக் கடிதத்தைக்கூட அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்."

வீட்டுக்கு வந்தபோது கணவர் மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தம்பி அதற்குள் போன் செய்திருப்பான். அவர் முகத்திலேயே தெரிந்தது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "உட்காரும்மா," என்றார். அவள் உட்காரவில்லை.

"நான்தான் கையெழுத்துப் போட்டேன். உனக்குத் தெரிஞ்சா டென்ஷன் ஆவேன்னுதான் சொல்லல. லாபம் வந்ததும் உனக்கு ரெண்டாவது காரே வாங்கிக் கொடுத்துடலாம்னு நானும் அவனும் பேசிவச்சிருந்தோம். உன் கனவுதானே அது."

எண்பது ஆள் போனதுகூட அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. எண்பது பேருக்கு மறுபடியும் சொல்லித்தந்து சம்பாதித்துவிடலாம். ஆனால் இந்த மனிதர் அவள் தோளில் கை வைத்து, கை தளர்ந்துவிட்டது என்று சொன்னாரே. பேட்டரி எது என்று தெரிந்துகொண்டேதானே சொன்னார்? அவள் தன் மேலேயே சந்தேகப்பட்டுக் கூனிக்குறுகிப்போனதை, இரண்டு பேரும் இதே மேஜையில் அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். முதுகில் குத்தினார்கள் என்றால் அதுகூடப் பரவாயில்லை. இவர்கள் முதுகைத் தடவிக்கொண்டே குத்தியிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"கை தளர்ந்துடுச்சுன்னு சொன்னீங்களே," என்றாள்.

"அது உன்னைச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொன்னதும்மா."

"யாரை?"

அவர் விஷயத்துக்கு வந்தார். வியாழக்கிழமை அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையெழுத்து என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு அவளுடையதாகிவிடும். பள்ளி மூன்று மாதம் மூடியிருக்கும், பேட்டரியை அவள் செலவில் மாற்ற வேண்டியிருக்கும், அத்தோடு போயிற்று. இல்லை என்று சொன்னால் தம்பியின் தொழில் அனுமதி நிரந்தரமாகப் போய்விடும். கையெழுத்துப் போட்டவர் மேல் போலீஸ் வழக்கு வரும். "மூணு மாசம்தானே. ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும். வீட்டு விஷயம் வீட்டோட முடிஞ்சுபோகட்டும்," என்றார்.

மூன்று மாதம் மூடினால் அந்தப் பள்ளி அப்புறம் திறக்காது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஒரே கார். இருக்கிற பதினாலு பேரும் மறுநாளே போட்டிப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். திறக்கும்போது அவள் பெயருக்குப் பின்னால், பழைய பேட்டரி போட்டு ஏமாற்றினவள் என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

புதன்கிழமை தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, நான் ஒண்ணும் கேக்கல. கடைக்காக என் நகையெல்லாம் அடகுல இருக்கு, அது மட்டும் உங்களுக்குத் தெரியட்டும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கும் பேட்டரி விஷயம் தெரியாது. அவளையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அன்று முழுக்க பிரேக் மேடம் யோசித்தாள். தம்பி நடுத்தெருவில் நிற்பதையும் கணவர் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தாள். எரிச்சல் ஆறவில்லை, ஆனால் மனசு வரவில்லை. என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம், அப்புறம் இவர்கள் முகத்தில் ஜென்மத்துக்கும் விழிக்க வேண்டாம் என்று முடிவுக்கு வந்தாள். ஆம் என்று தலையாட்டினால் முடிந்தது. வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

வியாழக்கிழமை மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, மேலே சத்தம் போடும் ஃபேன், காகிதங்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்த காலி டம்ளர்கள். தேர்வு நடத்தின அதே அதிகாரிதான் உட்கார்ந்திருந்தார். பென்சில் செருகிய இன்ஜினியர் பக்கத்தில் இருந்தார். கணவர் மேடத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தார். தம்பி கதவோரம் நின்றான்.

அதிகாரி கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "பதினோரு பேர்ல ஒன்பது பேர் ஃபெயிலானப்பவே எனக்குச் சந்தேகம்மா. உங்க ஆளுங்க அப்படிப் போறவங்க இல்ல," என்றார். பிறகு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "பழைய பேட்டரின்னு தெரிஞ்சு சம்மதிக்கறேன்னு எழுதியிருக்கு. இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

அவள் தலையாட்டத் தயாராகத்தான் குனிந்தாள்.

கையெழுத்து ரொம்ப அழகாக இருந்தது. அவள் பெயர் முழுதாக, பொறுமையாக எழுதியிருந்தது. பெயருக்கு முன்னால் கணவருடைய பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக இருந்தது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகியும் அவள் இனிஷியலை மாற்றவே இல்லை. அவள் அப்பாவுடைய எழுத்துதான் இன்றுவரைக்கும். பள்ளியின் அனுமதியில் அதுதான் இருக்கிறது. படித்து முடிக்கிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் சான்றிதழிலும் அதைத்தான் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவாள். எதிரே உட்கார்ந்து, அந்தக் கையெழுத்து மறையாமல் பக்கத்தில் சீல் குத்துகிறவர் இந்த மனிதர்தான். ஆயிரக்கணக்கில் குத்தியிருப்பார். அதில் ஒரு தடவைகூட அவர் அதைப் படித்ததில்லை. அவள் கையெழுத்தைத் திருடுகிற அன்றைக்கும், அது எப்படி இருக்கும் என்று அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் பெண்டாட்டி என்றால் தன் எழுத்துதான் முன்னால் இருக்கும் என்று இருந்துவிட்டார்.

"மேடம்?" என்றார் அதிகாரி.

கணவரின் கை மேஜைக்கு அடியில் அவள் முழங்கையை மெதுவாகத் தொட்டது. "சொல்லும்மா," என்றார், அதே இதமான குரலில்.

"இல்ல," என்றாள் அவள். "இது என் கையெழுத்து இல்ல."

கதவோரம் தம்பி, "அக்கா," என்றான். அவள் திரும்பவில்லை. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டி, அதே காகிதத்தின் அடியில் காலி இடத்தைக் காட்டினார். அவள் போட்டாள். பத்தொன்பது வருடமாகப் போட்டுப் பழகிய கை, ஒரு நொடியில் போட்டுவிட்டது.

கணவர் எட்டிப் பார்த்தார். மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ இப்படியா போடுவே?" என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா," என்று சொல்லிவிட்டு, காகிதத்தை அதிகாரி பக்கம் நகர்த்தினாள்.